குழந்தைகளிடம் பாடம் கற்ற மாண்டிசோரி அம்மையார்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி எழுதியது)

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். இளமையில் பழகாததை முதுமையில் பழகுவது அரிது என்பது அதன் பொருள். ஆனால் இந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஐந்தைச் சொன்னார்கள், ஐம்பதையும் சொன்னார்கள். பதினைந்து எங்கே போயிற்று? நாம் ஐந்து வயதைக் கடந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வளைய வேண்டியது வளைந்து, நம் கதை முடிந்துவிட்டதா? அல்லது இன்னும் மிச்சம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவரே டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். சிறு குழந்தைகளின் பள்ளிகளில் அவர் பெயரைப் பலகையில் பார்த்திருக்கிறோம். ஆகவே அவர் மழலையருக்கு மட்டுமே உரியவர் என்று எண்ணியிருந்தோம். அவர் நம் வயதினரைப் பற்றியும் சிந்தித்து எழுதியிருக்கிறார் என்பது படித்த பிறகே தெரிந்தது. அது மட்டுமன்று. இத்தாலியில் பிறந்த அந்த அம்மையார், சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி ஒரு பேருந்து பிடித்தால் நாம் சென்றுவிடக்கூடிய அடையாற்றில்தான் தமது எழுபதாம் பிறந்த நாளைக் கண்டார். அவருடைய வரலாற்றை நம் பள்ளித் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ அரசுப் பணியாளர். பழைய வழக்கங்களில் உறுதியான பற்றுடையவர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். மரியா ஒரே மகள். அவருக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகரில் குடியேறியது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணி ஒன்றே தக்கது என்று கருதினார்கள். தந்தையின் விருப்பமும் அதுவே. மகளோ பொறியாளராக வேண்டும் என்றார். பதின்மூன்றாம் வயதில், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். படித்து வரும்போதே அவர் மனம் மருத்துவத்தின்பால் சென்றது. தந்தைக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார். பலருடைய எதிர்ப்பையும் கடந்து ரோம் பல்கலைக்கழகத்தில் மரியா மருத்துவம் பயின்றார்.

வகுப்பில் மாணவர்களின் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டார். மனித உடலை அறுத்துப் பார்க்கும் பாடத்தில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது முறையாகாது என்று கூறிவிட்டார்கள். எல்லாரும் சென்ற பிறகு, மாலையில், உயிரற்ற உடல்கள் கிடக்கும் கூடத்தில் தன்னந்தனியாக நின்று அவர் அந்தப் பாடத்தைப் படித்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர். முதலில் முகம் திருப்பிக்கொண்ட தந்தையே பிற்காலத்தில் மகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை வெட்டி எடுத்துத் தொகுத்து வைத்தார். ஐம்பதைக் கடந்தவரும் வளைவார் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சான்று!

தரையில் தேடிய கைகள்

பட்டம் பெற்ற டாக்டர் மாண்டிசோரி, பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணிக்காக ரோமில் இருந்த மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது வழக்கம். அங்கே மனவளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரையும் ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். அதைக் கண்ட பணிப்பெண் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று வெறுத்தார். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு பொம்மை இல்லை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. வயிற்றுப் பசி தீர்ந்த பிறகும் அந்தக் கைகள் தேடியது உணவை அன்று, தொட்டு அறிவதற்கு ஏதேனும் ஒன்றை என்று அவருக்குப் புரிந்தது.

ஒரே காட்சியை இருவர் பார்த்தார்கள். ஒருவருக்குக் குற்றம் தெரிந்தது. மற்றவருக்குப் பசி தெரிந்தது. அம்மையாருடைய வாழ்நாட்பணி முழுவதும் இந்த ஒரு பார்வையிலிருந்து முளைத்தது என்று சொல்லலாம்.

இத்தகைய பிள்ளைகளுக்காகப் பிரான்சு நாட்டு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோர் எழுதி வைத்தவற்றை அவர் தேடிப் படித்தார். 1900ஆம் ஆண்டு ரோமில் இப்பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். பகலெல்லாம் பிள்ளைகளுடன் இருப்பார். இரவில் குறிப்புகள் எழுதுவார். படிக்கவே இயலாது என்று கைவிடப்பட்டவர்களில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரார் வியந்து பாராட்டினார்கள். அம்மையாரோ கவலையில் ஆழ்ந்தார். குறைபாடுள்ள பிள்ளைகளே இவ்வளவு முன்னேறுகிறார்கள் என்றால், குறை ஏதுமற்ற பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கின்றன என்று எண்ணினார்.

அந்தக் கேள்வி அவரை மீண்டும் மாணவியாக்கியது. புகழ்பெற்ற மருத்துவர், முப்பது வயதைக் கடந்த பின், பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்து உளவியலும் மானிடவியலும் தத்துவமும் படித்தார்.

சான் லொரென்சோவின் குழந்தைகள்

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒரு நிறுவனம் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்குச் செல்லும் வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களில் கிறுக்கினார்கள். சுவரைக் காப்பாற்ற விரும்பிய நிறுவனத்தார், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு மாண்டிசோரி அம்மையாரை வேண்டினார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இரண்டு மூன்று வயது முதல் ஆறு ஏழு வயது வரையான ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். அழுத முகங்கள், அஞ்சிய கண்கள். மூன்று ஞானிகள் ஒரு குழந்தையைத் தேடிச் சென்ற நாளில், கல்வி உலகம் குழந்தையைத் தேடி வந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

அம்மையார் பாடம் நடத்தத் தொடங்கவில்லை. பார்க்கத் தொடங்கினார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவறிந்து உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் பாடினார்கள், அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் எடுத்தெடுத்துப் பொருத்திய பிறகு, தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் தானாகவே நிறுத்தினாள். சிறு குழந்தைக்கு மனம் ஒரு நிலையில் நில்லாது என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். வேலை அதன் வளர்ச்சிக்கு ஏற்றதாக இருந்தால் குழந்தையின் மனம் முனிவர் மனம்போல் ஒன்றி நிற்கும் என்பதை அம்மையார் அன்று கண்டார்.

மற்றொரு நாள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தும் முறையைச் செய்து காட்டினார். ஓசையில்லாமல், பிறர் கவனிக்காதபடி, கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்! மூக்கொழுகுகிறது என்று எல்லாரும் அவர்களை ஏசியிருந்தார்களே தவிர, எப்படித் துடைப்பது என்று எவரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. குழந்தைக்கும் மானம் உண்டு என்பதை அந்தக் கைதட்டல் அவருக்குக் கற்றுத் தந்தது.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டித் தந்தார். பிள்ளைகள் விரலால் தடவி அவற்றின் வடிவை அறிந்தார்கள். நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதியதும், இன்றும் அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதும் நமக்கு நினைவுக்கு வருகின்றன. கண் மறந்தாலும் விரல் மறவாது. இப்படிச் சில காலம் சென்றது. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மாடித் தளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் திடீரென்று கை என்னும் சொல்லைத் தன் மொழியில் எழுதினான். பிறகு புகைபோக்கி, கூரை என்று எழுதிக்கொண்டே போனான். தனக்கு எழுத வந்துவிட்டது என்று கூவினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து தரையெங்கும் எழுதினார்கள். நான்கு ஐந்து வயதில் எழுத்து அவர்களுக்குள்ளிருந்து வெடித்துக் கிளம்பியது.

தாம் ஒரு புதிய கல்வி முறையைக் கண்டுபிடித்ததாக அம்மையார் சொல்லிக்கொள்ளவில்லை. குழந்தையைக் கண்டதாகவே கருதினார். 1909இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அவரிடம் பயில வந்தார்கள்.

அவர் மனத்தில் சுமந்த சுமை

அம்மையாருடைய புகழை மட்டும் சொல்லிவிட்டு அவர் கண்ணீரை மறைத்தால் வரலாறு நிறைவாகாது. அவருக்கு 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மரியோ என்ற மகன் பிறந்தான். உடன் பணியாற்றிய மருத்துவரான மாண்டெசானோவே குழந்தையின் தந்தை. ஆனால் அவர்கள் திருமணத்தில் இணையவில்லை. அக்காலச் சமுதாயத்தில் இச்செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய பணியும் மதிப்பும் அன்றோடு முடிந்துவிடும். ஆகவே குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளரவிட்டார்கள். அம்மையார் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக விளங்கியவர் தம் குழந்தையின் முதல் சொல்லையும் முதல் நடையையும் உடனிருந்து காணவில்லை.

1912ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையாரின் தாயார் மறைந்தார். அதன் பின்னரே, 1913இல், மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்போது மரியோவுக்கு வயது பதினைந்து. நம் வயது! பதினைந்து ஆண்டுகள் பிரிந்திருந்த மகன் தாயின்மீது கசப்பை வளர்த்துக்கொண்டிருக்கலாம். மரியோவோ தாயின் பணியில் தோள் கொடுத்தார். அவர் உயிர் பிரியும்வரை உடனிருந்தார். எனினும் வெளியுலகுக்கு நெடுங்காலம் அவரை மகன் என்று அறிமுகப்படுத்த அம்மையாரால் இயலவில்லை. இதனை நாம் தீர்ப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. குழந்தையின் முதல் ஆண்டுகள் எவ்வளவு விலை மதிப்பற்றவை என்பதை அம்மையார் நூல்களில் மட்டும் படித்து அறியவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

நாடு விட்டு நாடு

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி வந்தபோது, அவர் முதலில் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு தந்தார். அம்மையாரும் அதனை ஏற்றார். ஆனால் பிள்ளைகளைப் போர் வீரர்களாகப் பழக்க விரும்பிய ஆட்சிக்கும், பிள்ளைகள் தாமே சிந்திக்க வேண்டும் என்ற அம்மையாருக்கும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1934இல் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தார். அங்கே 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் ஹாலந்துக்குச் சென்றார்.

இந்தியாவுடன் அவருக்கு முன்பே தொடர்பு உண்டு. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள், அங்கே அவரது பயிற்சிப் பள்ளியில் அவரைச் சந்தித்தார். 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் அம்மையார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. பிறர் பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருக்கும் வயதில், பழக்கமில்லாத வெயிலும் அறியாத மொழிகளும் கொண்ட நாட்டுக்கு வந்தார். அடையாற்றில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவருடைய பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

சில மாதங்கள் தங்கித் திரும்புவது அவரது எண்ணம். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவில் ஆண்ட ஆங்கிலேயருக்கு இத்தாலியர்கள் எதிரிகளானார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாற்றின் எல்லையைத் தாண்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். முன்பு சமுதாயம் பிரித்த மகனை இப்போது போர் பிரித்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாள். அன்று இராஜப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மரியோவை விடுவித்திருப்பதாக அதில் கண்டிருந்தது. உறவைச் சொல்லும் இடத்தில் மகன் என்றே குறித்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தாய் வெளியே சொல்ல அஞ்சிய சொல் அது. அதை ஓர் அரசாங்கத் தந்தி அடையாற்றுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இந்த இடத்தைப் படிக்கும்போது எங்கள் வகுப்பில் கண் கலங்காதவர் இல்லை.

நம் நாட்டில் கற்றது

போர்க்காலத்தில் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை மலைக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று, செடி கொடிகளையும் பூச்சிகளையும் நீரையும் பாறையையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாகக் காணப் பழக்கினார். அகமதாபாத், கராச்சி, ஸ்ரீநகர், கொழும்பு முதலிய நகரங்களுக்கும் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இடையில் 1946இல் ஐரோப்பா சென்று மீண்டும் வந்து, 1949இல் விடைபெற்றார்.

இந்தியாவில் அவர் கற்பித்ததைவிடக் கற்றது குறைவன்று. பிறந்த குழந்தையைப் பற்றிய அவரது ஆராய்ச்சி இங்கேதான் ஆழமாயிற்று. குழந்தையைத் தனியே தொட்டிலில் விடாமல், செல்லும் இடமெல்லாம் தாய் உடன் சுமந்து செல்லும் வழக்கத்தை அவர் போற்றினார். சந்தையின் பேரப் பேச்சும் கிணற்றடியின் சிரிப்பும் இடுப்பில் இருக்கும் குழந்தையின் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. யாரும் இலக்கணம் சொல்லித் தராமலே மூன்று வயதில் அது தன் தாய்மொழியைப் பேசிவிடுகிறது. பெரியவர்களாகிய நாம் எவ்வளவு முயன்றாலும் புதிய மொழியை அப்படிக் கற்க முடியாது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் உலகத்தை உறிஞ்சும் அந்த மனத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1949இல் அடையாற்றிலேயே நூலாக வெளிவந்தன. உலகெங்கும் இன்றும் பயிலப்படும் அந்நூல் நம் சென்னையில் அச்சேறியது என்பது நமக்குப் பெருமை.

வளர்ச்சியின் நான்கு படிகள்

மனிதன் ஒரே சீராக, அளவில் மட்டும் பெரியவனாகிக்கொண்டு போவதில்லை என்பது அம்மையாரின் முடிவு. ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை அவன் ஏறத்தாழ வேறு ஒருவனாகவே மாறுகிறான். பிறப்பு முதல் ஆறு வயது வரை முதற்படி. புலன்களாலும் கைகளாலும் உலகை உறிஞ்சும் பருவம். ஆறு முதல் பன்னிரண்டு வரை இரண்டாம் படி. ஏன், எப்படி என்று காரணம் கேட்கும் பருவம். நியாயம், அநியாயம் பார்ப்பதும், கூட்டாளி சேர்ப்பதும் அப்போதுதான். பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை மூன்றாம் படி. சமுதாயத்தில் தன் இடம் எது என்று தேடும் பருவம். பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை நான்காம் படி. தேடியது தெளிந்து பொறுப்பேற்கும் பருவம். மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று இன்றைய அறிவியலும் கூறுகிறது.

இவற்றுள் முதலாம் படியும் மூன்றாம் படியும் கொந்தளிப்பானவை. இரண்டாவதும் நான்காவதும் அமைதியானவை என்று அம்மையார் கண்டார். நாம் ரயிலில் செல்லும்போது செங்கல்பட்டுக் கொளவாய் ஏரியைப் பார்க்கிறோம். கார்த்திகை மழையில் அது கலங்கிச் செம்மண் நிறமாகக் கிடக்கும். தை பிறந்தால் தெளிந்துவிடும். ஆனால் ஏரி நிரம்புவது கலங்கி நிற்கும் நாட்களில்தான்!

பதினைந்து வயதினருக்காக

மூன்றாம் படியில் நிற்கும் நம்மைப் பற்றி அம்மையார் என்ன எழுதினார்? இப்பருவத்தில் ஐயங்களும் தயக்கமும் மிகும். மனம் எளிதில் சோரும். சிறு சொல்லும் பெரிதாகப் புண்படுத்தும். அதுவரை நன்றாகப் படித்த பிள்ளையின் அறிவாற்றல் எதிர்பாராமல் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும். அது சோம்பலன்று; மன உறுதியின்மையும் அன்று. உள்ளே நடக்கும் பெரிய மாற்றத்தின் விளைவு. பச்சிளங்குழந்தையை எவ்வளவு கவனமாகக் காக்கிறோமோ, அவ்வளவு கவனம் இப்பருவத்தினருக்கும் வேண்டும் என்றார்.

இதைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சென்ற அரையாண்டுத் தேர்வில் எங்களுள் பலருக்கு மதிப்பெண் குறைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முன்னணியில் இருந்த ஒருத்தி இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கினாள். வீட்டில் அக்கறை போய்விட்டது என்றார்கள். உறவினர் ஒருவர் கைப்பேசியின்மேல் பழி போட்டார். அவளோ இரவு பதினொரு மணி வரை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்ததாகச் சொல்லிச் சிற்றாலயத்தில் அழுதாள்.

அம்மையார் இப்பருவத்தினருக்குச் சொன்ன மருந்து மேலும் மேலும் பாடம் அன்று. நாட்டுப்புறத்தில் பண்ணை வைத்து உழைக்கட்டும். விளைந்ததைத் தாங்களே கடை வைத்து விற்கட்டும். விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தட்டும். தம் உழைப்பால் பொருள் ஈட்டுவதன் மதிப்பை உணரட்டும் என்றார். படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கையும் தலையும் சேர்ந்து உழைக்கச் சொன்னார். தான் ஒன்றுக்கும் உதவாதவள் அல்லள் என்ற நம்பிக்கையே இவ்வயதில் வேண்டிய முதல் உணவு என்பது அவர் கருத்து.

பொதுத் தேர்வு எழுதவிருக்கும் நாம் பண்ணைக்குப் போக முடியாதுதான். ஆனால் பள்ளி விழாவன்று நாங்கள் வைத்த சுண்டல் கடையில், கல்லாவில் அமர்ந்து கணக்கு எழுதியவள் அதே இருபத்தெட்டு மதிப்பெண் தோழிதான். கூட்டம் நெரித்தது, சில்லறை தட்டுப்பட்டது. மாலையில் அருட்சகோதரி எண்ணிப் பார்த்தபோது ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அன்று அவள் நிமிர்ந்து நடந்ததை நாங்கள் பார்த்தோம். அவளுடைய கணக்கு எங்கும் போய்விடவில்லை. மழைக்கால ஏரிபோல் கலங்கியிருந்தது, அவ்வளவே.

நிறைவுரை

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் அம்மையாரின் பெயர் நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிட்டவில்லை. எண்பத்தொரு வயதிலும் ஆப்பிரிக்கா சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க எண்ணியிருந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், மாதாவின் வணக்க மாதத்தில், ஹாலந்து நாட்டுக் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் மரியோ அருகிலிருக்க இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். பதின்மூன்றில் பொறியாளராக விரும்பினார், இருபத்தைந்தில் மருத்துவரானார், முப்பதில் மீண்டும் மாணவியானார், எழுபதில் அடையாற்றுக் குழந்தைகளிடம் பாடம் கற்றார். எந்த வயதிலும் அவர் கதை முடியவில்லை. ஆகவே நம் கதையும் முடியவில்லை.

பெற்றோரிடமும் அருட்சகோதரிகளிடமும் நாங்கள் பணிவுடன் வேண்டுவது ஒன்றே. எங்கள் மதிப்பெண் குறையும்போது எங்களை ஒரு முறை கூர்ந்து பாருங்கள். அந்த விடுதியின் பணிப்பெண்ணைப்போல் அன்று, அம்மையாரைப்போல் பாருங்கள். நாங்களும் இறங்கி வந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எங்களுள் சிலர் காலையில் தம்பி தங்கையரை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறோம். காலை வழிபாட்டுக்கு நேரமாகிவிடும் என்று, தம்பி தானே சட்டைப் பொத்தானைப் போட முயலும்போது கையைத் தட்டிவிட்டு நாமே போட்டுவிடுகிறோம். அந்தச் சிறு விரல்கள் அப்போது எதைத் தேடுகின்றன என்பது இப்போது நமக்குத் தெரியும்.

நாளை முதல் ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம். அவனே போட்டுக்கொள்ளட்டும்.